கண்டக்டர் சின்னராசுவின் இரண்டு மாத்திரைகள்

ஒரு ரஸ்க் துண்டை வைத்து ஒரு மனிதரை ஏறக்குறையக் கொன்றிருக்கிறேன். சிரிக்காதீர்கள். இல்லை, தாராளமாகச் சிரியுங்கள். அவர் பிழைத்துக்கொண்டார். நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மருத்துவப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு எலும்பைக் காக்கும் மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் உண்டு. என் காலத்தில் இருந்ததைவிட நல்ல பதிலாகவே இப்போது இருக்கிறது. ஆனால் புத்தகம் சொல்லும் பதிலுக்கும் நோயாளியின் வாய்க்கும் நடுவில் கொஞ்ச தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் நான் எப்படித் தடுக்கி விழுந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஏற்காட்டில் ஒரு சின்ன மருத்துவமனையில் நான் பொது மருத்துவர். இருபது கட்டில், ஓர் எக்ஸ்ரே இயந்திரம், மழை பெய்தால் செத்துப்போகும் ஒரு தொலைபேசி. இவ்வளவுதான் எங்கள் ஆஸ்தி. எலும்பின் அடர்த்தியை அளக்கும் இயந்திரம் எங்கள் பக்கம் எங்கும் கிடையாது.

முதலில், மஞ்சக்குட்டை என்ற ஊரிலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்த மஞ்சக்குட்டைக்காரம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாவுக்காக இரண்டு வருடம் அவருக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதியது நான். மூச்சு சீராக இருந்தது. ஒவ்வொரு முறையும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, "பிரமாதம்" என்று அனுப்பிவைப்பேன். அவருடைய எலும்பைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. ஒருநாள் தோட்டத்தில் விழுந்துகிடந்த பலாப்பழத்தைக் குனிந்து தூக்கியிருக்கிறார். முதுகில் சடக் என்று ஒரு சத்தம். படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது.

நான் படத்தைப் பிடித்தபடி நிற்கிறேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்து, "நீங்க வெசனப்படாதீங்க டாக்டரம்மா. அந்தப் பழம் நொம்பப் பெருசுங்க" என்றார்.

மூன்று மாதத்தில் வலி தீர்ந்து அவர் நடமாடத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் தீரவில்லை. அதற்குப் பிறகு ஸ்டீராய்டு எடுக்கும் யார் வந்தாலும் விடமாட்டேன். மேசை இழுப்பறையில் ஒரு ரஸ்க் பாக்கெட் வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து நோயாளியின் கண்ணெதிரே உள்ளங்கையில் வைத்து நொறுக்குவேன். "இந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் உங்கள் எலும்பு இப்படி ஆகலாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை மறக்கக் கூடாது" என்பேன். பொடி மேசையெல்லாம் சிந்தும். நோயாளியின் முகம் வெளுக்கும். நல்ல பாடம் நடத்தினோம் என்று எனக்கு ஒரே பெருமை. எங்கள் மேரி சிஸ்டர் மட்டும், "எறும்பு வருது டாக்டர்" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பார்.

அந்த ரஸ்க் பாடத்தைக் கேட்டவர்களில் ஒருவர்தான் சின்னராசு.

மாரமங்கலத்துக்காரர். வயது ஐம்பதை ஒட்டி. மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து மலையிறங்கிச் சேலம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். அவருக்குப் பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே திரும்பிக்கொண்டு தன் தோலைத் தாக்கும் நோய் அது. யாருக்கும் ஒட்டாது. ஆனால் கையில் கொப்புளம் இருக்கும் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்க ஜனங்கள் தயங்கினார்கள். அதைவிடக் கொடுமை, கொப்புளம் வாய்க்குள்ளும் வந்ததுதான். சோறு இறங்கவில்லை. விசில் ஊத முடியவில்லை. பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டித்தான் டிரைவருக்குச் சைகை கொடுத்துக்கொண்டிருந்தார்.

சேலத்தில் ஒரு மூத்த தோல் மருத்துவர் பிரெட்னிசலோன் ஆரம்பித்தார். தொடர்ந்து பார்க்கும் பொறுப்பு எனக்கு. ஆறேழு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை மருத்துவமனை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, என் ஜன்னலைப் பார்த்து ஒரு நீண்ட விசில் ஊதினார் சின்னராசு. எனக்கு யாரும் அதுவரை அப்படி நன்றி சொன்னதில்லை.

மாத்திரையின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தோம். இன்னும் ஒரு வருடமாவது தொடர வேண்டியிருக்கும் என்ற நிலையில்தான் நான் அவருக்கு ரஸ்க்கை நொறுக்கிக் காட்டினேன். அவர் மேசையில் சிந்திய பொடியைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து, காலை ஒன்பது மணி இருக்கும். வாசலில் பஸ் வந்து நின்றது. விசில் இல்லை, ஹாரன் சத்தம். டிரைவர் முருகேசனும் இரண்டு பயணிகளும் சின்னராசுவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள்.

"டாக்டரம்மா, டிக்கெட் போட்டுட்டே வந்தவர் அப்படியே சாஞ்சுட்டாருங்க! நேத்திருந்து வாந்தி. லீவு போடுய்யான்னா கேக்கமாட்டேன்னுட்டாருங்க" என்றார் முருகேசன்.

சின்னராசுவின் உடம்பு சில்லென்று இருந்தது. வியர்வை. நாடி விரல் நுனியில் நூல் மாதிரி ஓடியது. ரத்த அழுத்தம் கருவியில் பிடிபடவே சிரமப்பட்டது. மேரி சிஸ்டர் மாரடைப்பு என்று நினைத்தார். கூட வந்த ஒருவர், "உடனே சேலத்துக்குக் கொண்டு போயிரலாமுங்க, நம்ம பஸ்ஸே இருக்குது" என்று அவசரப்படுத்தினார். அந்த நேரத்தில் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு. கீழே போய்ச் சேர ஒரு மணி நேரம். அவரிடம் ஒரு மணி நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் அவர் காதருகே குனிந்து, "கண்டக்டர், மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். போட்டேன் என்று.

"வாயைத் திறங்க."

திறந்தார். உள்கன்னத்திலும் அண்ணத்திலும் புதிய புண்கள். இரண்டு மாதமாகச் சுத்தமாக இருந்த வாய் அது. மாத்திரை தவறாமல் உள்ளே போயிருந்தால் அந்தப் புண்கள் அங்கே இருக்க முடியாது. தலை சொன்னதை விட்டுவிட்டு வாய்க்குள் இருந்ததை நம்பினேன்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடும்போது உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துபோகும் என்று படித்திருக்கிறீர்கள். மாத்திரையை டக்கென்று நிறுத்தினால், உடம்பு நிற்கப் பிடிமானம் இல்லாமல் சரிந்துவிடும். அவருக்கு நடந்தது அதுதான் என்று எனக்குப் பட்டது. நிரூபிக்க அந்த நிமிடம் என்னிடம் எதுவும் இல்லை. மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். நான் நினைப்பது தவறாக இருந்தால், ஒரு ஸ்டீராய்டு ஊசியால் இவருக்குப் பெரிய கேடு வராது. சரியாக இருந்து நான் போடாமல் விட்டால், வளைவு இறங்கும்போதே போய்விடுவார்.

"சிஸ்டர், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. சலைனை வேகமாக விடுங்க. சர்க்கரையும் ஏத்தணும். இதயத்தைப் பிறகு பாத்துக்கலாம். வண்டியை அனுப்ப வேண்டாம்."

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த அரை மணி நேரம் அவர் நாடியிலிருந்து நான் விரலை எடுக்கவில்லை. சிஸ்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் ஏறியது. வாசலில் பயணிகள் பஸ்ஸைவிட்டு இறங்கி நின்றார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டியவர், சந்தைக்குப் பீன்ஸ் மூட்டையோடு வந்தவர், யாரும் வேறு வண்டி தேடிப் போகவில்லை.

சின்னராசு கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். முதல் வார்த்தை, "வண்டிய யாருங்க பாத்துக்கறாங்க?"

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

மதியத்துக்கு மேல் அவர் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, மாத்திரையை எதுக்கு நிறுத்தினீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்கதானுங்களே சொன்னீங்க? ரஸ்க்க நொறுக்கிக் காட்டுனீங்களேங்க. பஸ்ஸுல நின்னுட்டே பொழைக்கறவன் நானு. ஒரு வளைவுல வண்டி குலுங்கினா நான் பொடிப்பொடியாப் போயிருவனேன்னு பயந்துட்டனுங்க. கொப்புளம் வந்தாலும் எலும்பாச்சும் மிஞ்சட்டும்னு அந்த வெள்ளை மாத்திரைய நிறுத்திப்போட்டனுங்க. சுண்ணாம்பு மாத்திரைய மட்டும் ஒரு நாளுகூட உடலீங்க."

மேரி சிஸ்டர் சட்டென்று திரும்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சுண்ணாம்பு மாத்திரையை மறக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அதை அவர் மறக்கவே இல்லை. பிரெட்னிசலோனை நிறுத்தக் கூடாது என்று மட்டும் நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. மஞ்சக்குட்டைக்காரம்மாவிடம் எலும்பை மறந்தேன். சின்னராசுவிடம் எலும்பை மட்டும் நினைத்தேன். இரண்டாவது தவறுதான் அபாயமானது.

அன்றே ரஸ்க் பாக்கெட்டை எடுத்து வார்டில் எல்லோருக்கும் டீயோடு கொடுத்துத் தீர்த்தேன். சின்னராசுவுக்கும் ஒன்று, டீயில் நன்றாக ஊறவைத்து.

இனி எலும்புக்கு என்ன செய்வது? ரஸ்க் போனாலும் கேள்வி அப்படியே இருந்தது. எலும்பு கரைவதைத் தடுக்கும் ஒரு புது மாத்திரை அப்போதுதான் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் படித்திருந்தேன். சின்னராசுவுக்கு அது தேவை என்பதற்குக் காரணங்கள் இருந்தன: வயது, ஒல்லி உடம்பு, இன்னும் பல மாத ஸ்டீராய்டு, ஓடுகிற வண்டியில் நிற்கிற வேலை. தயங்கவும் காரணங்கள் இருந்தன. அந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். இவருக்கோ வாய்ப்புண் மறுபடி கிளம்பியிருக்கிறது. தொண்டைக்குக் கீழே எப்படி இருக்கிறதோ தெரியாது. பல வருடம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யாருக்குமே அப்போது தெரியாது.

சேலத்துத் தோல் மருத்துவருக்குப் போன் செய்தேன். அதிகம் பேசாதவர். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நான் கடைசியில், "எலும்பு மாத்திரையை ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டபோது, திருப்பி என்னைக் கேட்டார்.

"அவர் காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிறார்?"

"தெரியலை சார்."

"எந்திரிச்சதும் முதல்ல என்ன குடிக்கிறார்?"

"தெரியலை சார்."

"எப்பப் படுக்கிறார்? பீடி உண்டா?"

"கேக்கலை சார்."

"அந்த மாத்திரை பாதி கடையில இருக்குதும்மா, பாதி அவரோட காலையில இருக்குது. போய்ப் பாத்துட்டு வந்து என்னைக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

பாத்துட்டு வாங்க என்றால் நான் நேராகவே எடுத்துக்கொள்கிற ஆள். சின்னராசு தேறி வேலைக்குத் திரும்பிய பிறகு, மாரமங்கலத்தில் எங்கள் மாதாந்திர மருத்துவ முகாம் வந்தது. முகாமை முடித்து அங்கேயே தங்கி, மறுநாள் விடியற்காலை பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பனி முழங்கால் வரை இறங்கியிருந்தது.

பார்த்தது இதுதான். முதல் நடைக்காக இரவு பஸ்ஸிலேயே படுத்திருந்த சின்னராசு எழுந்தார். எழுந்த ஐந்தாவது நிமிடம் முருகேசனோடு டீக்கடையில் நின்றார். டீ, பிறகு ஒரு பீடி, மறுபடி டீ. அதன் பிறகு பஸ்ஸைத் துடைத்தார், மிளகு மூட்டைகளை மேலே ஏற்றச் சொன்னார், ஆட்களை ஏற்றினார், என்னையும்தான். ஏற்காடு வந்து சேர்ந்ததும், அங்கிருந்து சேலம் கிளம்ப நேரம் இருந்ததால் பின்சீட்டில் நீட்டிப் படுத்துவிட்டார்.

அந்தப் புது மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும். ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீர் குடிக்க வேண்டும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, டீ கூடாது, முக்கியமாகப் படுக்கக் கூடாது. நான் என் அறையில் உட்கார்ந்தபடி அதை எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது. டீயோடு விழுங்கியிருப்பார். அவ்வளவுதான்.

அதற்கு முன்பே, ஏற்காடு வரும் வழியில், பஸ்ஸில் நான் ஏறிய காரணம் இரண்டாவது வளைவுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "டாக்டரம்மா நம்ம கண்டக்டர் எலும்பப் பாக்க வந்திருக்காங்களாம்!" என்று யாரோ சொல்ல, வண்டியே சபை ஆகிவிட்டது.

"ஆட்டுக்கால் சூப்பு குடிச்சா எலும்பு இரும்பாட்டம் ஆயிருமுங்க" என்றார் ஒரு பெரியவர்.

"ராகிக் களி திங்கறவனுக்கு எலும்பு எப்படிங்க கரையும்?" என்றார் அன்று மருத்துவமனை வாசலில் காத்து நின்ற பீன்ஸ் மூட்டைக்காரர்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் பேப்பரை மடித்துவிட்டு, "இங்கிலீஷ் மருந்தே ஆகாதுங்க. அதனாலதான் இத்தன தொல்லையும்" என்றார்.

அதுவரை டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த சின்னராசு திரும்பினார். "ரைட்டரே, அந்த மருந்து இல்லீன்னா நான் இன்னைக்கு வாயத் தொறந்து உங்ககிட்டச் சண்டை போட முடியாதுங்க. அத மட்டும் குறை சொல்லாதீங்க." பிறகு கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தார். "ஆனா டாக்டரம்மா, எனக்கு ஒரு சந்தேகமுங்க. கொப்புளத்துக்கு ஒரு மாத்திரை. அது எலும்பத் தின்னுதுன்னு இன்னொரு மாத்திரை. அது தொண்டையப் புண்ணாக்குதுன்னு இன்னொண்ணு. இது எங்கதானுங்க போய் முடியும்?"

எத்தனையோ கருத்தரங்குக்குப் போயிருக்கிறேன். இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

இந்த முறை எதையும் நொறுக்கிக் காட்டவில்லை. "நியாயமான கேள்விங்க. வெள்ளை மாத்திரை உங்களுக்கு அவசியம். அதை நாங்க சொல்லாம ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, இதுதான் முதல் விஷயம். அது உங்க எலும்புலருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும். எவ்வளவு எடுத்திருக்குன்னு அளக்க இங்க வசதி இல்லை. உங்களை மாதிரி இருக்கறவங்கள்ல சிலருக்கு எலும்பு முறியுது, பலருக்கு ஒண்ணும் ஆகறதில்லை. நீங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. புது மாத்திரை போட்டா முறியற வாய்ப்புக் குறையும். ஆனா தொண்டை நல்லா ஆறியிருக்கணும், காலையில அரை மணி நேரம் கட்டுப்பாடா இருக்கணும். முடியாதுன்னா சொல்லுங்க. சுண்ணாம்புச் சத்து, களி, வெயில், பீடியை விடறது, இதெல்லாம் எப்படியும் உண்டு. அதை வெச்சும் போகலாம்."

"பீடியுமா?" என்றார் சின்னராசு. வண்டி முழுக்கச் சிரிப்பு.

"ஆமாங்க, பீடியும்தான்."

"நீங்களா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"தொண்டை ஆறினதும் போட்டுக்குவேன். ஆனா பஸ்ஸுல நிக்கறது நீங்கதான்."

அவர் பக்கத்து சீட்காரருக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். என்னிடம் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. சரிங்க என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள். யோசிக்கிறேன் என்று சொல்கிறவர் உண்மையிலேயே யோசிப்பார் என்று அன்று நம்பினேன்.

தோல் மருத்துவரைக் கூப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னேன். முதல்முறையாக அவர் சிரிப்பதைக் கேட்டேன். வாய்ப்புண் ஆறும்வரை பொறுப்போம், உணவுக்குழாயையும் சிறுநீரகத்தையும் சேலத்தில் சோதித்துவிடுவோம், அதற்குள் வெள்ளை மாத்திரையின் அளவை எவ்வளவு பத்திரமாகக் குறைக்க முடியுமோ குறைப்போம் என்று முடிவு செய்தோம்.

இரண்டு மாதம் ஆனது. சோதனைகள் நன்றாக வந்தன. சின்னராசு முருகேசனையும் இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"யோசிச்சுட்டனுங்க டாக்டரம்மா. போட்டுக்கறேன். ஆனா ஒரு கண்டிசனுங்க."

"சொல்லுங்க."

"நான் அரை மணி நேரம் டீ குடிக்காம நிக்கறப்போ, என்ற கண்ணு முன்னாடி இவர் டீ குடிக்கக் கூடாதுங்க. அது என்னால தாங்க முடியாதுங்க."

முருகேசன் பதறினார். "ஏனுங்க, எலும்பு அவருது! நான் என்னங்க பாவம் பண்ணுனேன்?"

"அன்னைக்கு என்னையத் தூக்கிட்டு ஓடுனியல்லோ, அந்தப் பாவந்தான்" என்றார் சின்னராசு.

முருகேசன் ஒத்துக்கொண்டார். எழுந்ததும் ஒருவர் மாத்திரை போட்டுக்கொள்வார். இருவரும் நின்றபடியே பஸ்ஸைத் துடைத்து, மூட்டை ஏற்றி, அரை மணி நேரம் ஆனதும் ஒன்றாகப் போய் டீ குடிப்பார்கள். டீக்கடைக்காரர் அவர்கள் முகம் தெரிந்த பிறகுதான் பாலையே சூடேற்றுவாராம். பீடி மட்டும் ஒரே நாளில் போகவில்லை. மூன்று முறை விட்டார், நான்காவது முறை அது அவரை விட்டது.

அடுத்த மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. மலையெல்லாம் ஜனம். சிறப்பு பஸ்கள் ஓடின. கூட்டம் முண்டியடித்து ஏறியபோது படியில் நின்றிருந்த சின்னராசு பின்பக்கமாகத் தரையில் விழுந்தார். வலது கையும் இடுப்பும் அடிபட, அப்படியே எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் சட்டைக்கையை மேலே தள்ளினேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. படம் எடுத்துக் கழுவிக் கொண்டுவரும்வரை மேரி சிஸ்டரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஈரம் சொட்டும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மணிக்கட்டு முழுசு. இடுப்பு முழுசு. இன்னொரு முறை பார்த்தேன். சிஸ்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கோடு ஒண்ணுகூட இல்லை டாக்டர்!" என்று கத்தியே விட்டார். வாசலில் நின்றிருந்த திருவிழாக் கூட்டம் எதற்கென்று தெரியாமலே கைதட்டியது.

வெறும் சுளுக்கு. கட்டுப் போட்டுவிட்டேன். அது புது மாத்திரையாலா, களியாலா, பீடி போனதாலா, விழுந்த இடம் மண்ணாக இருந்ததாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நடக்காமல் போன ஒன்றுக்குக் காரணம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. தடுப்பு மருந்து கொடுக்கிறவர்கள் அந்தத் தெரியாமையோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் தெரிந்து, யோசித்து, தன் விருப்பத்தோடு அதைச் சாப்பிட்டார் என்பதுதான். ஒருவேளை அன்று எலும்பு முறிந்திருந்தாலும் நாங்கள் எடுத்த முடிவு தவறாகியிருக்காது.

அதன் பிறகு ஒன்றரை வருடத்தில் தோல் மருத்துவர் வெள்ளை மாத்திரையை மெதுவாக இறக்கி நிறுத்தினார். கொப்புளம் திரும்பவில்லை. எலும்பு மாத்திரையையும் சில காலம் கழித்து, மூவரும் உட்கார்ந்து பேசி நிறுத்தினோம். சின்னராசு பணி ஓய்வு பெறும்வரை நின்றுகொண்டேதான் டிக்கெட் கிழித்தார்.

அந்தத் திருவிழா நாளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கட்டுப் போட்டு முடித்ததும் சின்னராசு எழுந்து உட்கார்ந்தார். நான் குனிந்து கீழே கிடந்த பஞ்சை எடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கும் அம்பது ஆயிருக்குமில்லீங்க? உங்க எலும்ப யாருங்க பாக்கறாங்க?"

மேரி சிஸ்டரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே ஒரு புதிய நோயாளிச் சீட்டை எடுத்து, மேலே என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.